வீட்டிற்கும் மூச்சு வேண்டும்

வீடு கட்டுகின்றவர் எத்தனையோ விடயங்களைப் பார்க்கின்றார். நாள் பார்க்கின்றார், நிலையம் பார்க்கின்றார், வாசல் எத்திசை நோக்கவேண்டும், கிணறு எம்மூலையில் அமையவேண்டும் என்று அறிந்தவரைக் கேட்கின்றார். குடிபுகுந்த பின்னர் வருகின்ற உறவினர் யன்னலைப் பார்ப்பர்; தரையிற் பதித்த கல்லைப் பார்ப்பர்; அதன் விலையையும் கேட்பர். ஆனால், கூரைக்கு மேலே, தலையில் ஒரு சிறு தொப்பியுடன், எவருடைய கவனத்தையும் வேண்டாது நின்றுகொண்டிருக்கும் ஒற்றைக் குழாயை அண்ணாந்து பார்ப்பவர் ஒருவருமில்லை.

கல்லூரியில் அமுக்கம் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் மாணவரிடம் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு: "உங்கள் வீட்டு மலசலகூடத்திலிருந்து கூரைவரை ஒரு குழாய் செல்கின்றதே, அது எதற்கு?" ஒருவன் மழைநீருக்கு என்பான், மற்றொருவன் இடிதாங்கி என்பான், எல்லோரும் சிரிப்பர். சற்றுச் சிந்திக்கும் மாணவன், "மணம் வெளியே போவதற்கு" என்பான். அது பிழையன்று, ஆனால், பாதி உண்மையே. மற்றப் பாதியை அறியாத காரணத்தால் எத்தனையோ வீடுகளில் மக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாழ்கின்றனர். சில வேளைகளில் ஒருவரோடொருவர் மனஸ்தாபமும் கொள்கின்றனர்.

எங்கள் பாட்டன்மார் காலத்தில் இக்கேள்விக்கே இடமிருக்கவில்லை. குளிப்பது கிணற்றடியில், குளித்த நீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் கமுகுக்கும் ஓடியது. மலசலகூடமோ வளவின் கோடியில், வீட்டிற்கு எட்டாத தூரத்தில் இருந்தது. இரவில் அங்கே போவதற்கு ஒரு விளக்கும் கொஞ்சம் துணிவும் வேண்டும். அசௌகரியம் இருந்தது, எனினும், கழிவுக்கும் படுக்கைக்கும் இடையே ஒரு வளவின் தூரமும் திறந்த வெளியின் காற்றும் இருந்தன. இன்றோ எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டன. குழாயின் ஒரு முனை படுக்கையறைக்குப் பக்கத்தில் இருக்கின்றது. மறுமுனை மலக்குழியில் இருக்கின்றது. குழாய் என்பது இருபுறமும் திறந்த வழி. கழிவு கீழே போகும் வழியால் வாயு மேலே வராதா?

வராமற் காப்பது ஒரு கை நீர். கைகழுவும் தொட்டியின் கீழே குனிந்து பார்த்தால், குழாய் நேரே இறங்காமல் ஒரு வளைவு வளைந்து, மீண்டும் மேலெழுந்து செல்வதைக் காணலாம். அவ்வளைவில் எப்பொழுதும் சிறிது நீர் தங்கி நிற்கும். அந்நீரே கதவு. மேலிருந்து வருவது அதனைத் தள்ளிக்கொண்டு போகும்; கீழிருந்து வரும் வாயு அதனைத் தாண்டி வரமாட்டாது. இதனை நீர்ப்பூட்டு என்று சொல்லலாம். 1775ஆம் ஆண்டிலே அலெக்சாண்டர் கமிங் என்ற ஸ்கொத்லாந்து மணிக்கூட்டுத் தொழிலாளர், இத்தகைய வளைவு பொருந்திய மலகூடத்துக்கு இலண்டனிலே காப்புரிமை பெற்றார். இருநூற்றைம்பது ஆண்டுகள் சென்ற பின்னரும் அதனினும் எளியதொரு வழியை எவரும் கண்டுபிடித்திலர். தேயும் உறுப்பில்லை, திருகாணியில்லை, ஒவ்வொரு முறையும் நீர் ஊற்றும்போது பழைய நீர் போய்ப் புதுநீர் தானே வந்து நிற்கின்றது.

ஆனால், இக்கதவு எத்துணை மெல்லியது என்பதையும் அறிதல் வேண்டும். நீர்ப்பூட்டின் ஆழம் பொதுவாக 50 முதல் 100 மில்லிமீற்றர் வரையில் இருக்கும். நமது தலைமேல் இருக்கும் வளிமண்டலத்தின் அமுக்கமோ ஏறத்தாழ 10.3 மீற்றர் உயரமான நீர்நிரலைத் தாங்கவல்லது. ஆழக் கிணற்றில் நீரிறைக்கும் யந்திரத்தை மேலே வையாது உள்ளே ஒரு தட்டு அமைத்து இறக்கி வைப்பதன் காரணமும் இதுவே. அந்த எல்லைக்கு மேல் எவ்வளவு உறிஞ்சினாலும் நீர் ஏறாது. இனி, 10.3 மீற்றரையும் 50 மில்லிமீற்றரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குழாயின் உள்ளே காற்றின் அமுக்கம் 200இல் ஒரு பங்கு குறைந்தாலும் போதும், அல்லது அவ்வளவு கூடினாலும் போதும், நமது கதவு நிலைகுலைந்துவிடும். ஆகவே, குழாய்க்கு உள்ளேயும் வெளியேயும் காற்றின் அமுக்கம் எக்காலமும் சமமாக இருக்கவேண்டும். சமமாக வைப்பது எப்படி?

இதற்கு விடை எங்கள் குசினியிலேயே இருக்கின்றது. ரின்பால் உடைக்கும்போது வீட்டுப் பெண்கள் ஒரு துளையோடு நிறுத்துவதில்லை. எதிர்ப்புறத்தில் மற்றொரு துளையும் இடுவர். ஒரு துளை மட்டும் இட்டுக் கவிழ்த்தால் பால் விக்கி விக்கி வரும். சில வேளை நின்றேவிடும். பால் வெளியே போகவேண்டுமாயின் அது விட்டுச் சென்ற இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். இரண்டாவது துளை பாலுக்கன்று, காற்றுக்கு. கூரைமேல் நிற்கும் குழாயும் அந்த இரண்டாவது துளையே ஆகும்.

மேல்மாடியில் ஒருவர் மலகூடத்தில் நீரை விடுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். பல லீற்றர் நீர் ஒருங்கே நெடுங்குழாயில் விழுகின்றது. அது குழாயை அடைத்துக்கொண்டு ஒரு கட்டியாக விழுவதில்லை; பெரும்பாலும் குழாயின் சுவரைத் தழுவி ஒரு சட்டைபோல வழிந்தோடும்; நடுவே காற்று இருக்கும். விழும் நீர் அந்தக் காற்றையும் தன்னோடு இழுத்துச் செல்லும். எனவே, நீருக்கு மேலே காற்று குறைகின்றது. கீழே, குழாய் திரும்பும் இடத்தில், காற்று நெருக்குண்கின்றது. குழாயின் உச்சி வானத்துக்குத் திறந்திருந்தால் மேலே ஏற்படும் குறைவை வெளிக்காற்று வந்து உடனே நிரப்பிவிடும். கீழே நெருக்குண்ட காற்றுக்கும் அவ்வழி ஒரு போக்கிடமாகும். உச்சி அடைபட்டிருந்தால் என்ன செய்யும்? வேறு எவ்வழியால் வரலாம் என்று காற்றுத் தேடும். பக்கத்திலுள்ள தொட்டியின் நீர்ப்பூட்டும் தரைத் துவாரத்தின் நீர்ப்பூட்டும் அதற்கு அகப்படும். "களக், களக்" என்ற ஓசையுடன் அந்நீரை உறிஞ்சிக்கொண்டு காற்று உள்ளே பாயும். கீழ்மாடியிலோ இதற்கு மாறாக நிகழும். நெருக்குண்ட வாயு நீரைக் குமிழியிட்டு மேலே தள்ளிக்கொண்டு அறைக்குள் வரும். ஓசை அடங்கும், கதவு திறந்தபடியே கிடக்கும்.

இது வெறும் பாடப்புத்தக விடயமன்று என்பதைச் சென்ற ஆண்டு நேரிலே கண்டேன். என் ஒன்றுவிட்ட அக்கா ஒருவரின் வீடு மேல்மாடியுடன் கூடியது. கீழே அக்காவும் அத்தானும்; மேலே மகனும் மருமகளும். மாரி கழிந்த பின்னர் வீட்டில் ஒரு துர்நாற்றம் தோன்றியது. சாம்பிராணி புகைத்தனர், யன்னல்களைத் திறந்துவைத்தனர், நாற்றம் ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் மறையும். ஒருநாள் நான் போயிருந்தபோது அக்கா என்னை விறாந்தையின் ஓரத்துக்கு அழைத்துச் சென்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"தம்பி, சொல்லக் கூடாது, எண்டாலும் உனக்குச் சொல்லாமல் ஆருக்குச் சொல்லுறது? மேலை இருக்கிற பிள்ளை கொழும்பிலை வளர்ந்தது. ஒழுங்காத் தண்ணி ஊத்திக் கழுவிறேல்லைப் போலை கிடக்கு."

மேலே சென்றேன். அந்தப் பெண் குளியலறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கிருமிநாசினிப் போத்தல்கள் மூன்று வரிசையாக நின்றன. அவளுடைய விரல்நுனிகளில் தோல் உரிந்திருந்தது.

"மாமா, ஒரு நாளைக்கு மூண்டு தரம் கழுவிறன். மாமி ஒண்டும் சொல்லமாட்டா. ஆனால் பார்க்கிற பார்வை எனக்கு விளங்குது. கொஞ்ச நாளைக்கு அம்மா வீட்டை போய் இருந்திட்டு வரட்டோ எண்டு யோசிக்கிறன்" என்றாள். சொல்லிவிட்டு மறுபுறம் திரும்பிக்கொண்டாள்.

மலகூடத்தில் நீரை விடச் சொன்னேன். நீர் இறங்கிய மறுகணமே குளிக்கும் இடத்துத் தரைத் துவாரத்தில் "களக், களக்" என்ற ஓசை கேட்டது. மின்சூளால் வெளிச்சம் அடித்துப் பார்த்தபோது, சற்று முன்னர் அவள் கழுவி ஊற்றிய நீர் அங்கே இல்லை. அவள் நாளுக்கு மூன்று தரம் கதவைச் சாத்துகின்றாள். வீட்டார் நீரைவிடும் ஒவ்வொரு தரமும் அக்கதவு பிடுங்கப்படுகின்றது. அவள் எத்தனை போத்தல் வாங்கி ஊற்றினாலும் இந்நோய் தீராது.

முற்றத்தில் இறங்கி அண்ணாந்து பார்த்தேன். கூரையின்மேல் குழாய் இல்லை. அத்தானிடம் விசாரித்தபோது விடயம் வெளிவந்தது. கடந்த மாரியில் குழாயைச் சுற்றி மழைநீர் ஒழுகியதாம். கூரை திருத்த வந்தவர், "இது சும்மா நிக்கிற குழாய், ஐயா" என்று சொல்லி, கூரைக்குக் கீழே அதனை வெட்டி, மூடி ஒன்றை இறுக்கி, மேலே புதுத்தகடு போட்டுச் சென்றுவிட்டாராம். ஒழுக்கு நின்றதில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. நாற்றம் தொடங்கிய காலமும் மூடி இறுக்கிய காலமும் ஒன்றென்பதை ஒருவரும் இணைத்துப் பார்க்கவில்லை.

குழாய் வேலை அறிந்த ஒருவர் வந்து, மூடியைக் கழற்றி, சுவரின் வெளிப்புறமாகக் குழாயை ஏற்றி, கூரையின் விளிம்புக்கு மேலே நிமிர்த்தி, உச்சியில் வலையும் தொப்பியும் பொருத்தினார். அரைநாள் வேலை. அதன்பின்னர் மேலே நீரை விட்டபோது தரைத் துவாரத்து நீர் ஒருமுறை மெல்ல அசைந்து, இருந்த இடத்திலேயே நின்றது. இரண்டு நாளில் நாற்றம் அகன்றது. அக்கா மருமகளிடம் மன்னிப்புக் கேட்டதாக நான் அறியேன். மாமியார் என்ற பதவியில் அது வழக்கமன்று. ஆனால், அடுத்த வெள்ளிக்கிழமை அவர் முழங்கால் நோவையும் பொருட்படுத்தாது மேல்மாடிக்கு ஏறி, தாம் சுட்ட தோசையையும் சம்பலையும் தம் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தார் என்று அத்தான் சொன்னார்.

காற்றுக்கு வழி வேண்டுமாயின் யன்னலருகே ஒரு துளை போதாதா, கூரைவரை ஏற்றுவானேன் என்று சிலர் கேட்பதுண்டு. குழாய் காற்றை உள்ளே எடுப்பது மட்டுமன்று. மற்றை வேளைகளில் மலக்குழியின் வாயுவை வெளியேயும் விடுகின்றது. அவ்வாயு மனிதர் மூச்செடுக்கும் உயரத்துக்கு மேலே சென்று காற்றோடு கலந்து கரையவேண்டும். ஆகவேதான், அருகே 3 மீற்றருக்குள் யன்னல் இருந்தால் குழாயின் வாய் அந்த யன்னலின் உச்சிக்கு மேல் 900 மில்லிமீற்றராவது உயர்ந்திருக்கவேண்டும் என்று இங்கிலாந்தின் கட்டட விதிகள் கூறுகின்றன. குளிர்தேசங்களில் குழாயின் வாயை உறைபனி அடைத்துவிடும் என்ற அச்சத்தால் அகலமான குழாயை வைப்பர். நமக்கு உறைபனி இல்லை, நுளம்பு உண்டு. மலக்குழி நுளம்புக்கு நல்ல தொட்டில். ஆகையால், உச்சியில் துருப்பிடியாத நுண்வலை ஒன்று கட்டாயம் இருத்தல் வேண்டும். காய்ந்த இலையும் குருவிக் கூடும் குளவிக் கூடும் அதனை அடைத்துவிடாதபடி ஆண்டுக்கொருமுறை பார்த்துக்கொள்வதும் வேண்டும்.

துர்நாற்றத்தைக் கண்டு மனிதர் அஞ்சியதற்குப் பழைய வரலாறு உண்டு. 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்சு நதியின் நாற்றம் தாங்காது, பிரித்தானியப் பாராளுமன்றத்தின் யன்னற் சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைட்டில் நனைத்துத் தொங்கவிட்டனர். நாற்றமே நோயைக் கொணர்கின்றது என்பது அக்காலத்தவர் பலரின் நம்பிக்கை. நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, 1854இல், யோன் சினோ என்ற வைத்தியர் இலண்டனின் புறோட் வீதியிலே பரவிய கொலரா நோய் ஒரு குடிநீர்ப் பம்பிலிருந்து வந்ததென எடுத்துக்காட்டியிருந்தார். பலர் அதனை ஏற்கவில்லை. 1871ஆம் ஆண்டின் இறுதியில், பின்னர் ஏழாம் எட்வேட் மன்னராக முடிசூடிய வேல்சு இளவரசர், ஸ்காபரோ நகரில் ஒரு பிரபுவின் மாளிகையில் விருந்தினராகத் தங்கியபின் நெருப்புக் காய்ச்சலில் வீழ்ந்து மரணத்தின் வாயில்வரை சென்று மீண்டார். உடன் தங்கிய செஸ்ரபீல்டுப் பிரபுவும் இளவரசரின் குதிரைப் பணியாளர் ஒருவரும் மாண்டனர். அம்மாளிகையின் கழிவுக் குழாய்களே காரணமென்று ஊரெல்லாம் பேசிற்று. அரசகுமாரனுக்கே இக்கதியென்றால் நமக்கென்ன என்று செல்வரும் வறியவரும் தத்தம் வீட்டுக் குழாய்களைச் சோதிக்கத் தொடங்கினர்.

நெருப்புக் காய்ச்சல் கழிவு கலந்த நீராலும் உணவாலும் வருவது, நாற்றத்தால் வருவதன்று என்பதைப் பின்வந்த விஞ்ஞானிகள் நிலைநாட்டினர். அவர்கள் கொண்ட காரணம் தவறு; ஆயினும் அந்த அச்சத்தால் வீடுகளுக்கு நீர்ப்பூட்டும் காற்றுக் குழாயும் வந்து சேர்ந்தன. இனி அச்சம் வேண்டியதில்லை, நாற்றம் வெறும் நாற்றந்தானே என்று ஒருவர் நினைக்கலாம். அப்படி நினைத்தவர்களை 2003ஆம் ஆண்டு திடுக்கிடச் செய்தது.

அவ்வாண்டு மார்ச் மாதத்தில் ஹொங்கொங் நகரிலே, அமோய் கார்டன்ஸ் என்ற மாடிக் குடியிருப்பில் சார்ஸ் என்னும் கொடிய சுவாச நோய் திடீரெனப் பரவியது. ஏப்ரல் நடுப்பகுதிக்குள் 321 பேர் பீடிக்கப்பட்டனர். ஒருவரையொருவர் அறியாதவர்களும், வெவ்வேறு மாடிகளில் வாழ்ந்தவர்களும் நோயுற்றது எவ்வாறு? அரசினர் ஆராய்ந்தபோது கவனம் குளியலறைத் தரைத் துவாரங்களின்மேல் விழுந்தது. அவ்வீட்டார் தரையில் நீரூற்றிக் கழுவுவதை விட்டு, ஈரத்துணியால் துடைத்துவந்தனர். எனவே, பல வீடுகளில் நீர்ப்பூட்டுகள் நீரின்றி வறண்டு கிடந்தன. குளியலறையின் மின்விசிறி காற்றை வெளியே தள்ளும்போது, வறண்ட துவாரத்தின் வழியே கழிவுக்குழாயின் காற்று நுண்ணிய துளிகளைச் சுமந்துகொண்டு உள்ளே வந்திருக்கவேண்டும் என்பதே ஆராய்ந்தவர்கள் கண்ட முடிபு. அங்கே நீரை உறிஞ்சியது அடைபட்ட குழாயன்று; அன்றாட ஆவியாதலே போதுமாயிற்று. எவ்வழியாற் போனாலும், அந்த ஒரு கை நீர் போனால் வீட்டுக்குக் கதவில்லை.

மலக்குழி வாயுவைப் பற்றியும் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று. அதிலுள்ள மெதேனுக்கு மணமில்லை, ஆனால் தீப்பற்றும். அழுகிய முட்டைபோல மணக்கும் ஐதரசன் சல்பைட்டு, சிறிதளவில் மூக்கை எச்சரிக்கும். பேரளவிலோ மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிட்டு உயிரைக் குடிக்கும். மணம் நின்றுவிட்டது, இனி அபாயமில்லை என்று எண்ணி மலக்குழிக்குள் இறங்குவது கூடாது. இறங்கியவரைத் தூக்க அடுத்தவர் இறங்கி, இருவரும் மாண்ட செய்திகளைப் பத்திரிகைகளில் நாம் வாசித்திருக்கின்றோம். வீட்டினுள் வரும் சிறு நாற்றம் அவ்வளவு கொடியதன்று. ஆயினும் அது ஏதோ ஒரு கதவு திறந்திருக்கின்றதென்பதன் அறிவிப்பு. அறிவிப்பை வாசனைத் தைலத்தால் மூடிவிடுதல், அழுகின்ற குழந்தைக்குப் பசியா நோவா என்று பாராமல் அதன் வாயைப் பொத்துவதை ஒக்கும்.

ஆகவே, நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் எல்லோரும் இருப்பீர்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு முற்றத்திற் சென்று கூரையைப் பாருங்கள். குழாய் நிற்கின்றதா, அதன் வாய் திறந்திருக்கின்றதா, வலை கிழியாமல் இருக்கின்றதா என்று கவனியுங்கள். பின்னர் உள்ளே வந்து, ஒருவர் மலகூடத்தில் நீரை விடும்போது மற்றவர் தொட்டியருகே காதுகொடுத்துக் கேளுங்கள். "களக்" என்ற ஓசை வந்தால் எங்கோ காற்றுக்கு வழி அடைபட்டிருக்கின்றது என்று அறிந்து, வேலை தெரிந்தவரை அழையுங்கள். விருந்தினர் வந்தால் மட்டும் திறக்கும் குளியலறை இருந்தால், வாரத்துக்கொருமுறை அதன் தரைத் துவாரத்தில் ஒரு செம்பு நீர் ஊற்றுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கட்டி, ஆண்டில் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கும் வீடுகள் நம்மிடையே பல உண்டு. அவற்றைப் பார்த்துக்கொள்பவர் விளக்கேற்றப் போகும்போது இதனையும் செய்தல் நன்று. கூரை திருத்த வருபவரிடம், "இக்குழாயை வெட்டவேண்டாம், அதனைச் சுற்றி ஒழுக்கை மட்டும் அடையுங்கள்" என்று ஏறும் முன்னரே சொல்லிவிடுங்கள்.

புதுவீடு கட்டுவோரும் வரைபடத்தில் எல்லா அறைகளையும் பார்த்து முடித்தபின், மலசலகூடத்திலிருந்து கூரைவரை ஒரு கோடு செல்கின்றதா என்று பாருங்கள். கோடு இல்லையாயின், அத்திவாரம் வெட்டுமுன்னரே வரைந்தவரிடம் கேட்டுவிடுங்கள். சுவர் எழுந்த பின்னர் கேட்பதினும் அது இலகுவானது. வீட்டில் ஒருவர்மேல் ஒருவர் ஐயங்கொண்ட பின்னர் கேட்பதினும் மிகமிக இலகுவானது.